பவானிக் கடையில் ஒரு ஏ.ஆர். சோதனை: ஜமக்காளமும் பளபளத் தரையும்

பவானியில் என் மாமா ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் பெரிய ஷோரூம் எல்லாம் இல்லை. முன்னால் ஒரு நீள அறை, பின்னால் நாலு குழித்தறி, இடையில் நடக்க வழிவிடாத நூல் மூட்டைகள். சில வருஷமாகப் பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. மாமா படம் அனுப்புவார், அளவு சொல்வார், விலை சொல்வார். பணம் போனில் வந்து சேரும், சரக்கு பார்சலில் போகும். அப்புறம் மூன்று நாள் கழித்து ஒரு போன் வரும்.

"ஏனுங்ணா, இது இத்துனூண்டு இருக்குதுங்களே?"

கொடுத்தது சொன்ன அளவுதான். நாலுக்கு ஆறு அடி என்றால் நாலுக்கு ஆறு, ஒரு விரற்கடை குறையாது. ஆனால் வாங்கியவர் மனசுக்குள் விரித்து வைத்திருந்தது வேறு ஒன்று. திருப்பி அனுப்பினால் பார்சல் செலவு யார் தலையில் என்ற பேச்சு ஆரம்பிக்கும். மாமா முகம் பார்த்து வியாபாரம் செய்து பழகியவர். சண்டை போடத் தெரியாது. பாதி நேரம் அவரே ஏற்றுக்கொள்வார்.

பிசகு எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நாலுக்கு ஆறு ஒன்று, ஆறுக்கு ஒன்பது ஒன்று. இரண்டையும் தனித்தனியாகச் சுவரில் தொங்கவிட்டு எடுத்திருந்தார். இரண்டிலும் அகலம் இரண்டு பங்கு என்றால் நீளம் மூன்று பங்கு. ஆகவே போன் திரையில் இரண்டும் அச்சு அசல் ஒரே வடிவம். பரப்பைக் கணக்குப் போட்டால் ஒன்று 24 சதுர அடி, இன்னொன்று 54. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம், படத்தில் துளியும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியையாவது போட்டிருக்கலாம். அதையும் முன்பு செய்து பார்த்திருக்கிறார். "அந்த நாற்காலி என்ன விலைங்க" என்று கேட்டார்களாம்.

நான் கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஜமக்காளத்தை வாங்குகிறவர் வீட்டுத் தரையிலேயே போன் வழியாக விரித்துக் காட்டினால் என்ன என்று கேட்டேன். மாமா யோசிக்கவே இல்லை. "காட்டறதெல்லாம் காட்டு மாப்பிள்ளை, காசு எத்தனை ஆகும்னு மொதல்ல சொல்லு" என்றார்.

அது என்ன ஏ.ஆர்.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதைச் சுருக்கி ஏ.ஆர். என்கிறோம், தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறார்கள். இதன் பங்காளி வி.ஆர்., அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி. அதற்கான கண்ணாடியை மாட்டினால் நம் வீடு மறைந்து வேறொரு இடம் கண்முன் வரும். ஏ.ஆரில் வீடு அப்படியே இருக்கும். அங்கே இல்லாத ஒரு பொருள் மட்டும் வந்து உட்காரும். 2016-ல் போக்கிமான் கோ விளையாட்டுக்காகப் போனை நீட்டிக்கொண்டு தெருவில் அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை.

எதை ஏ.ஆர். என்று சொல்லலாம் என்பதற்கு ரொனால்ட் அசூமா 1997-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மூன்று நிபந்தனைகள் சொன்னார். நிஜமும் கணினி வரைந்ததும் கலந்து தெரிய வேண்டும். நாம் அசையும்போது அதுவும் அந்தக் கணமே ஈடு கொடுக்க வேண்டும். வரைந்த பொருள் முப்பரிமாணத்தில் தன் இடத்தில் பதிந்திருக்க வேண்டும். மாமாவுக்கு இதை ஜமக்காளத்தை வைத்தே சொன்னேன். போட்டோவில் ஜமக்காளத்தை வெட்டி ஒட்டினால் அது ஏ.ஆர். ஆகாது. போனை எப்படித் திருப்பினாலும் ஜமக்காளம் அதே இடத்தில் கிடக்கணும், நாம் சுற்றி நடந்து போனால் அந்தப் பக்கத்து ஓரம் தெரியணும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

சங்கதி புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் 1968-லேயே தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்துவிட்டார். தலை தாங்காத கனம் என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். தெரிந்ததெல்லாம் வெறும் கோட்டுச் சித்திரம். ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் 1990 வாக்கில் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடல் என்பவரால் வந்தது. விமானத்துக்கான ஒயர்க் கட்டுகளைப் பெரிய பலகைகளில் வைத்துக் கட்டும்போது எந்த ஒயர் எங்கே போகணும் என்பதைத் தொழிலாளியின் கண்முன்னாலேயே காட்ட முடியுமா என்று அவரும் டேவிட் மிசெலும் முயன்றார்கள். அதாவது பெயர் பிறந்ததே தொழிற்கூடத்தில். விளையாட்டு பிற்பாடு வந்தது. போனில் ஏ.ஆரை ஓட்டும் நிரல்தொகுப்புகளான ஆப்பிளின் ஏ.ஆர்.கிட் 2017-லும் கூகுளின் ஏ.ஆர்.கோர் 2018-லும் வெளியான பிறகு இது சாதாரணப் போனுக்குள் இறங்கியது. தனிக் கண்ணாடியும் வேண்டாம், தனிக் கருவியும் வேண்டாம்.

முதல் விரிப்பு

தனிச் செயலி செய்வதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தோம். ஒரு ஜமக்காளம் வாங்க யார் செயலியை இறக்குவார்கள்? வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டால் போதும் என்று இருக்கணும். அதற்கு வழி இருக்கிறது. மாடல் வியூவர் என்ற இலவச நிரலை ஒரு வலைப்பக்கத்தில் வைத்தால், ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் சீன் வியூவரும் ஐபோனில் ஆப்பிளின் குயிக் லுக்கும் தானாகத் திறந்து பொருளைத் தரையில் வைக்கும். பொருளின் முப்பரிமாண வடிவத்தை முன்னதற்கு ஜி.எல்.பி. கோப்பாகவும் பின்னதற்கு யு.எஸ்.டி.இசட். கோப்பாகவும் கொடுக்கணும். நேரம்தான் செலவு, காசு பெரிதாக ஆகாது என்றதும் மாமா சம்மதித்தார்.

ஜமக்காளம் முப்பரிமாண வேலைக்கு நல்ல பொருள். தட்டை, நீள்சதுரம், மடிப்பில்லை. சட்டை, புடவை மாதிரி உடம்போடு வளைந்து தொங்க வேண்டியதில்லை. திண்ணை நிழலில் விரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று நேர் மேலிருந்து படம் எடுத்தேன். ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து, அதைக் கொண்டு நிறத்தைச் சரி செய்தேன். பவானிச் சிவப்பு லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தாலும் மாமா கண்டுபிடித்துவிடுவார். அளவைக் கொடுத்தால் மாதிரியைத் தானே உருவாக்கும் சின்ன நிரல் ஒன்றும் எழுதினேன்.

முதல் சோதனை மாமா வீட்டு ஆசாரத்தில், அதாவது ஹாலில். ஆறுக்கு ஒன்பதை வைத்தேன். ஜமக்காளம் விரிந்தது, விரிந்துகொண்டே போனது. சுவரைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்து, கேஸ் அடுப்புக்குக் கீழே முடிந்தது. நிறமும் கறுத்து, மங்கின தகரத் தகடு மாதிரி இருந்தது.

"ஏன் மாப்பிள்ளை, இது வீட்டுக்கா, மண்டபத்துக்கா?"

"இல்லீங் மாமா, அடியை மீட்டர்னு எடுத்துக்கிச்சு."

ஜி.எல்.பி. கோப்பில் நீளத்துக்கு ஒரே அலகு, மீட்டர். நான் 6, 9 என்று போட்டதை அது 6 மீட்டர், 9 மீட்டர் என்று படித்துவிட்டது. பரப்பில் பத்து மடங்குக்கு மேல். 1.83, 2.74 என்று மாற்றியதும் சமையலறை காலியானது. தகரத்துக்கும் காரணம் அதே மாதிரி அற்பமானது. ஒரு பொருள் எவ்வளவு உலோகத்தன்மை கொண்டது என்று சொல்லும் எண்ணை நாம் எழுதாமல் விட்டால், அந்தக் கோப்பு வடிவம் முழு உலோகம் என்று எடுத்துக்கொள்ளும். அதைப் பூஜ்யமாக்கினேன், பருத்தி பருத்தியாக வந்தது. ஓரத்தில் சின்ன நிழல் விழும்படி செய்த பிறகுதான் தரையில் கிடப்பது போல இருந்தது. நிழல் இல்லாவிட்டால் அரையடி உயரத்தில் மிதக்கிற மாதிரி கண்ணுக்குத் தோன்றும்.

தரை

சரி, இனி அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பினோம். பத்தில் பாதிப் பேர் "ஒண்ணும் வரலீங்க" என்றார்கள். வந்தவர்களிலும் சிலருக்கு ஜமக்காளம் நழுவி நழுவிப் போனது. ஒருவர் வீட்டில் அது சோபாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் போன் எப்படித் தரையைக் கண்டுபிடிக்கிறது என்று கொஞ்சம் விளக்கணும். கேமரா தான் பார்க்கிற காட்சியில் தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பொறுக்குகிறது: ஒரு விரிசலின் முனை, மேஜைக் காலின் மூலை, தரையில் ஒரு கறை. போன் நகரும்போது அந்தப் புள்ளிகள் திரையில் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்க்கிறது. பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும். பஸ் ஜன்னலில் பனைமரம் ஓடுவதும் மலை நிற்பதும் மாதிரி. இதிலிருந்து எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்கிட்டு, ஒரே மட்டத்தில் நிறையப் புள்ளிகள் சேர்ந்தால் அதைத் தரை என்று முடிவு செய்கிறது.

ஒற்றைக் கேமராவுக்கு ஒரு குறை உண்டு. கண்முன் இருப்பது பொம்மை வீடா நிஜ வீடா என்று அதற்குத் தெரியாது. விகிதம் தெரியும், அளவு தெரியாது. மாமாவின் படங்களில் நாலுக்கு ஆறும் ஆறுக்கு ஒன்பதும் ஒன்றாகத் தெரிந்த அதே கதைதான். அந்த அளவைக் கொண்டுவருவது போனுக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழல்மானியும். கை எவ்வளவு வேகமாக அசைந்தது, எவ்வளவு திரும்பியது என்பதை அவை சொல்லும். அவற்றை மட்டும் நம்பினாலும் ஆகாது. இருட்டில் கண்ணை மூடி அடி எண்ணி நடக்கிறவன் பத்தடியில் சுவரில் முட்டுவது போலப் பிழை சேர்ந்துகொண்டே போகும். கேமரா கண், மானிகள் கால். இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு நடந்தால்தான் ஜமக்காளம் இருந்த இடத்தில் இருக்கும்.

இப்போது எங்கள் பக்கத்துப் புது வீடுகளை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போல் மினுக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், இணைப்புக் கோடுகூடத் தெரியாமல் ஒட்டியது. வீட்டுக்காரருக்குப் பெருமை. கேமராவுக்கோ அங்கே பொறுக்க ஒரு புள்ளி இல்லை. இருக்கிற புள்ளியும் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு. போன் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். நகரும் புள்ளியை நம்பித்தான் எங்கள் ஜமக்காளம் வழுக்கிப் போனது.

இதை உறுதி செய்ய வீடு வீடாகப் போனேன். மாமா வீட்டு டைல்ஸில் தடுமாறியது. முதல் நாள் அங்கே எப்படி வந்தது என்று யோசித்தால், அன்று கதவு திறந்திருந்து வெயில் விழுந்த தரையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டுச் சிவப்புக் காவித் தரையும் வழவழவென்று இருந்ததால் சுமார்தான். கோவையில் நான் குடியிருக்கும் பழைய வாடகை வீட்டில் மொசைக் தரை; போனை நீட்டியதும் பட்டென்று பிடித்தது. எல்லாவற்றையும் மிஞ்சியது அம்மாபேட்டைப் பக்கம் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டு வாசல். சாணி மெழுகிய தரை, கை வரைந்த வளையங்கள், ஓரத்தில் பாதி அழிந்த கோலம். ஜமக்காளம் ஆணி அடித்த மாதிரி கிடந்தது. தரையில் எத்தனை அழுக்கும் கீறலும் இருக்கிறதோ அத்தனை நல்லது. ஜமக்காளம் வாங்குகிறவர்களோ புது வீடு கட்டினவர்கள்.

இரண்டாவது சிக்கல் மனுஷப் பழக்கம். ஐம்பதைத் தாண்டிய பலர் போனைக் கையில் எடுத்ததும், போட்டோ எடுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்கள். அசையாமல் நின்றால் கேமராவுக்குத் தூரமும் தெரியாது, மானிகளுக்கு அளவும் தெரியாது. போனை நகர்த்தச் சொல்லித் திரையில் ஒரு கை ஆடிக் காட்டும். அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது, விலை குறைந்த சில போன்களில் சுழல்மானியே கிடையாது. அவற்றில் ஏ.ஆர்.கோர் ஓடாது, பொருளைத் திரையில் சுழற்றிப் பார்க்கலாம், தரையில் வைக்க முடியாது. அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. எதிர்ப்புறம், லைடார் உள்ள ஐபோன் ப்ரோக்களில் வெள்ளை டைல்ஸிலும் சட்டென்று வந்தது. லைடார் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தில் தூரத்தை அளக்கிறது. புள்ளி பொறுக்கக் காத்திருப்பதில்லை. அந்தப் போன் வைத்திருப்பவர்கள் மாமாவிடம் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் என்பது தனிக் கதை.

வழுக்கும் தரைக்கு வழி சொன்னது அத்தைதான். எதையாவது கீழே போட்டால் பிடிக்குமா என்று கேட்டு, அன்றைய தினசரியை விரித்தார். பிடித்தது. செய்தித்தாள் மாதிரி கேமராவுக்குப் பிடித்த பொருள் இல்லை: எழுத்து, படம், கட்டம், கறுப்பு வெள்ளை. அதன்பிறகு இணைப்போடு மாமா குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜும் போகிறது: "ஏனுங், ரெண்டு பேப்பரைத் தரையில தள்ளித் தள்ளிப் போட்டுக்கங்க. போனை அசைக்காம நிக்காதீங்க, களத்துல நெல்லுத் தள்ளற மாதிரி மெதுவா இப்படியும் அப்படியும் கொண்டு போங்க." நான் எழுதிய வழிகாட்டிப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. நெல் தள்ளுகிற மாதிரி என்றதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

விரலால் விரிந்த ஜமக்காளம்

இவ்வளவும் ஆன பிறகு மறுபடி ஒரு போன். "சின்னதா இருக்குதுங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொன்னேன். ஹால் முழுக்க அழகாக விரிந்திருந்தது. ஆர்டர் செய்தது நாலுக்கு ஆறு. விசாரித்தால், திரையில் இரண்டு விரலை வைத்து ஹால் நிறையும்வரை இழுத்திருக்கிறார். அப்படி இழுக்க முடியும் என்பது இந்த நிரல்களின் வழக்கமான ஏற்பாடு. நாற்காலி, பொம்மை என்று காட்டுகிறவர்களுக்கு அது வசதி. அளவைக் காட்டவே ஏ.ஆர். வைத்த எங்களுக்கு அது மண்ணை அள்ளிப் போட்டது. அளவை மாற்ற முடியாதபடி பூட்டுவது ஒரே ஒரு சொல் வேலை, நிரலில் சேர்த்தேன். மொத்த முயற்சியிலும் அதிகப் பலன் கொடுத்தது அந்தச் சொல்தான் என்று இன்றும் நினைக்கிறேன். பூட்டிய பிறகு அதே அம்மா நாலுக்கு ஆறை மறுபடி விரித்துப் பார்த்துவிட்டு, ஆறுக்கு ஒன்பது கேட்டார்.

மற்றவற்றைச் சரிக்கட்டிக்கொண்டோம். டீப்பாய் இருக்கும் இடத்தில் வைத்தால் சில போன்களில் ஜமக்காளம் டீப்பாயின் காலையும் மூடும். அத்தை குறுக்கே நடந்தபோது கணுக்கால் வரை காணாமல் போனார். எது முன்னால், எது பின்னால் என்ற ஆழக் கணக்கு நன்றாக ஓடும் போன்களில் இந்தத் தொல்லை குறைவு. இடத்தைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்வதோடு விட்டுவிட்டோம்.

காட்ட முடியாதது ஒன்று இருக்கிறது. பின்கட்டில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் என் போனை வாங்கி, ஜமக்காளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எல்லாஞ் சரிங் தம்பி, தூக்கிப் பாக்கறது எப்படிங்?" ஜமக்காளம் வாங்கத் தெரிந்தவர்கள் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் கனம் பார்ப்பார்கள், நூலின் தடிப்பை விரலால் உருட்டுவார்கள். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் 1985-ஆம் வருஷச் சட்டத்திலும் ஜமக்காளம் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு அதே பட்டையோடு சந்தையில் கிடைக்கிறது. போன் திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒருவகையில் ஏ.ஆர். போலிக்கும் சமமாக உதவுகிறது. இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இப்போதைக்கு மாமா ஒவ்வொரு ஜமக்காளத்தையும் தராசில் வைத்து எடை காட்டி ஒரு சின்ன வீடியோ சேர்த்து அனுப்புகிறார்.

வேறு எதற்கு ஆகும்

இதைக் கேள்விப்பட்டுத் தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள். திருப்பூர்ப் பனியன்காரருக்கு நான் உற்சாகம் சொல்லவில்லை. துணி உடம்பில் எப்படி விழும் என்பது தட்டையான விரிப்பைவிடப் பல மடங்கு கஷ்டம். டி-ஷர்ட்டை நெஞ்சில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி காட்டினால் விற்காது. கோவைப் பம்ப்செட் பட்டறைக்கு ஆகும் என்று தோன்றுகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் மோட்டாரைப் பிரிக்கும்போது அடுத்து எந்த போல்ட் என்று போன் காட்டினால், அது காடலும் மிசெலும் நினைத்த வேலையேதான். ஆனால் எண்ணெய்க் கையோடு போனைப் பிடிக்க முடியாது. ஒரு ஸ்டாண்டோ கண்ணாடியோ வேண்டும், கண்ணாடி விலை பட்டறைக்குத் தாங்காது.

எனக்கே ஆசையாக இருப்பது சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் அங்கே அகழாய்வில் கிடைத்தன. இன்று போய் நின்றால் வெறும் காடும் மேடும்தான் கண்ணில் படும். அந்த இடத்தில் உலையை எழுப்பிக் காட்டலாம். ஆனால் போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதை மட்டும் நம்பினால் உலை பக்கத்துக்காரர் சோளக்காட்டில் எழும்பும். அங்கங்கே அடையாளப் பலகை நட்டு, அதைக் கேமரா பார்த்து இடம் பிடிக்கும்படி செய்வதே உசிதம்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், 30 அடி நீளத்துக்கு ஜமக்காளங்களைச் சேர்த்து விரித்தால் மணமேடை முன்னால் எப்படி இருக்கும் என்று போனில் காட்டச் சொன்னார். காட்டினேன். பக்கத்து ஓரம் சரியாக இருந்தது, கடைசி ஓரம் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால் 30 அடி தள்ளி அரை அடி விலகும். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு தூணைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.